வாய்த்துணி

விளக்கை நெருங்கும்போதெல்லாம் பேரோஸ் பாதிரியார் வாயைத் துணியால் மூடிக்கொள்வார். பாரசீகத் தீக்கோயிலில் பூசாரியாக இருந்த காலத்துப் பழக்கம்; மூச்சுப் பட்டால் நெருப்புக்குத் தீட்டு.

அன்று தூரதேசத்து ஆயர் வந்திருந்தார். இருளோடு ஒளி நடத்தும் போரையும், கடைசி நாளில் உலகையே புடமிடப்போகும் நெருப்பையும் பற்றிப் பிரசங்கித்தார். சபையார் சிறுவயதில் தீக்கோயிலில் கேட்டவைதான் அவை. எல்லோரும் தலையாட்டினார்கள். தன் பேச்சின் வலிமை என்று ஆயர் மகிழ்ந்தார். பிறகுதான் துணியைக் கவனித்தார்.

“இன்னும் நெருப்பைத்தான் கும்புடுறீரா?”

“இல்லைங்க சாமி.”

“அப்ப அந்த விளக்க வாயால ஊதி அணையும்.”

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. பேரோஸ் துணியை அவிழ்த்தார். ஊதினார்.

ஆயர் திருப்தியோடு நற்கருணை அப்பத்தைப் பிட்டு நீட்டினார். ஊதிய வாயைப் பேரோஸ் திறக்கவில்லை.