ஆணியை விடாத வில்லை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் மீசையைச் சிரைத்துவிடுங்கள்.

துருப்பொடியில் பிடித்த இரண்டு வில்லைகள், அக்காளும் தங்கை செம்பியுமாக, சூளைக்குள் போயின. காந்தமாகி ஆணியைப் பிடிக்காதவளை மறுபடி இடித்துப் பொடியாக்கிவிடுவார்கள்.

"நடுத்தீக்கு வாடி செம்பி, சீக்கிரம் வெந்துடலாம்," என்று அக்காள் உருண்டு போனாள்.

"எனக்கு இந்தச் சூடே போதும்க்கா," என்று செம்பி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நிதானமாக வெந்தாள்.

வெளியே எடுத்து இருவருக்கும் காந்தம் ஏற்றி, ஆளுக்கொரு ஆணியை ஒட்டவிட்டார்கள். அதிகச் சூட்டில் உள்ளிருக்கும் பொடிமணிகள் ஊதிப் பிடி தளர்ந்துபோயிருந்த அக்காள், எதிர்க்காந்தம் ஒன்றைக் காட்டி மிரட்டியதுமே ஆணியை நழுவவிட்டாள். செம்பியையும் மிரட்டினார்கள்.

"விடுடி, இடுப்பு வலிக்குது!" என்று அவளிடம் மாட்டிய ஆணி கத்தியது.

"இடிபடப்போறது நீயா, நானா? விடமாட்டேன்," என்றாள் செம்பி.

இதை நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்த ஆணி என்னை நம்பித்தான் சொன்னது.