பன்னிரண்டு பிக்சல்

எங்கே வந்து வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயார்: இதில் ஓர் எழுத்தைக்கூடப் பெரிதாக்கிச் சொல்லவில்லை.

டிசைனர் தன் திரையில் மூக்கு முட்டக் குனிந்திருந்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இரண்டு வாரமாகத் திரையில் மெயில் முதல் காலண்டர் வரை எல்லா எழுத்தும் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தன. கண்ணை நம்பிப் பிழைப்பவருக்குக் கண் போனால் அப்புறம் சோற்றுக்கு வழி ஏது?

அவர் உருவாக்கிய வெப்சைட்டில் எழுத்து பன்னிரண்டு பிக்சல். படிப்பவர் தன் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தாலும் அது வளராது. பூட்டு போட்டு வைத்திருந்தார். ஆபீசில் அவருடைய பட்டப்பெயரே 'பன்னிரண்டு'தான்.

பூட்டைத் திறக்கச் சொல்லி ஆறு மாதமாக மல்லுக்கு நிற்பவள் டெஸ்டர். தினமும் முதல் ஆளாக வந்து, எல்லார் கணினியிலும் பக்கத்தைத் திறந்து குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. சைட்டோ மருந்துக் கடையினுடையது. மாத்திரை எத்தனை வேளை என்று வாசிக்க முடியாதவர்கள் எழுதிய புகார்களை அவர் மேசையில் கொண்டுவந்து கொட்டினாள்.

"கண்ணு தெரியலைன்னா பக்கத்து வீட்டுக்காரனைப் படிக்கச் சொல்லட்டும். என் டிசைன்ல கை வைக்காத."

"உங்களுக்கும் ஒருநாள் வயசாகும் சார்."

"சாபம் விடுறியா?"

"தகவல் சொல்றேன்."

அளவை மாற்ற வேண்டுமென்றால் முதலாளி, மேனேஜர், டிசைனர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த ஆபீசின் சட்டம். குதிரைக்குக் கொம்பு முளைத்தாலும் மற்ற இருவரும் போட மாட்டார்கள் என்று அவர் கால்மேல் கால் போட்டிருந்தார். இன்று அவள் நீட்டிய தாளில் இரண்டு கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன. எப்படிப் போட்டார்கள் என்று உறுமினார். மனசு மாறிவிட்டார்கள் என்றாள்.

தாளைப் பிடுங்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைவரை ஒரு சொல் விடாமல் படித்தார். பிறகு திரையைப் பார்த்தார். மறுபடியும் எறும்புச் சாரி. நாளைக்குத் தன் சைட்டைத் தானே படிக்க முடியாமல் போனால் ஊர் சிரிக்காதா? பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது கையெழுத்தைப் போட்டார்.

"பாவம் பாத்துப் போடுறேன். இனிமே என் மேசைப் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது."

இனி அங்கே தனக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலையில் யாரிடமும் மூச்சு விடாமல் கண் டாக்டரிடம் போனார். சீட்டில் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தார். சுவரில் தொங்கிய அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தார். டாக்டர் சீட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கண்ணு கழுகு மாதிரி இருக்கு சார். நேத்து வந்த உங்க முதலாளிக்கும் மேனேஜருக்கும் இதையேதான் சொன்னேன்."