முதல் வரிசை முளைப்பாரி

“யாரும் இவ சட்டியத் தொடாதீங்க!”

உண்ணாமலை போட்ட சத்தத்தில், மாரியம்மன் கோயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்த கொட்டு நின்றுபோனது. வனிதா இடுப்பிலிருந்த முளைப்பாரிச் சட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

பயிர் விரல் நீளம்கூட வளரவில்லை. பாதி அழுகிக் கிடந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து அவள் வளர்த்த முதல் முளைப்பாரி.

“தீட்டோட தொட்டிருக்கா. இல்லாட்டி இப்புடி அழுகுமா? தெனமும் கந்தர்வக்கோட்டையில பஸ் ஏறி வேலைக்குப் போறவளுக்குச் சுத்தபத்தம் எங்கிட்டுத் தெரியும்?” என்றாள் உண்ணாமலை. முளைப்பாரி விஷயத்தில் அந்த ஊரில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“நான் அப்புடித் தொடலங்க, பெரியம்மா.”

மாமியார் பிரகதாம்பாள் மருமகளைப் பார்க்காமல் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பக்கத்து வீட்டு அழகியப் பாரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வெத வாங்குனீங்க?” உண்ணாமலை கையை நீட்டினாள்.

முதல் வரிசையில் நின்ற அழகியின் தலையில், பயிர் முழ உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. வருஷா வருஷம் அவளுடையதுதான் ஊரிலேயே உசத்தி. அதிர்ந்து பேசாத அவள், இப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“செவ்வாக்கெழம வெத போட்டா. வியாழக்கெழமையே பாய், போர்வை, தலகாணி உறைன்னு அம்புட்டையும் அலசிக் கொடியில காயப்போட்டுட்டா. நான்தான் கண்ணால பாத்தேனே. அதுல்ல பக்தி!” உண்ணாமலை மெச்சினாள்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து அழகியின் சட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உண்ணாமலையும் ஒரு முளையைக் கிள்ளித் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, வனிதாவின் பக்கம் திரும்பினாள்.

“ஆத்தா முன்னால விழுந்து, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு. அப்பறந்தான் ஊர்வலம் கெளம்பும்.”

“செய்யாத தப்ப எதுக்குங்க ஒத்துக்கணும்?” வனிதா நிமிர்ந்து கேட்டாள். “தண்ணி கூடிப்போச்சு, அழுகிருச்சு. தீட்டோட தொட்டிருந்தாத்தான் என்ன? பயித்துக்கு அது எப்புடித் தெரியும்?”

“என்ன பேச்சுப் பேசுறா பாரு!” கூட்டம் கொதித்தது. பிரகதாம்பாள் பதறிப்போய் மருமகளின் கையைப் பிடித்தாள்.

“விழுந்துரு வனிதா. ஊரப் பகைச்சுக்கிட்டு நாம இருக்க முடியாது.”

வனிதாவுக்குக் கண் கலங்கியது. எதிரே நிற்கும் முகங்களில் ஒன்றுகூட அவளுக்காக இளகவில்லை. அவளும் அசையவில்லை.

“வேலைக்குப் போயி காசப் பாத்துட்டா சாமி கண்ணுக்குத் தெரியாது. இவ விழலைன்னா, இனிமே இந்த வீட்டுச் சட்டிக்கு வரிசையில எடமில்ல. என்ன பிரகதாம்பா, சொல்லிப்புட்டேன்!” என்றாள் உண்ணாமலை.

அப்போதுதான் அழகி நகர்ந்தாள். தலையிலிருந்த சட்டியை இறக்கி, வனிதாவின் அழுகிய சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சேலைத் தலைப்பால் வனிதாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“நீ எதுக்குடி வரிசைய விட்டு வார?” என்றாள் உண்ணாமலை.

“இவ விழணும்னா, நானுந்தானே விழணும் அத்தை?”

“நீயா? ஒன் பயிறு கோயில் வாசல்ல ராணி மாதிரி நிக்கிது. நீ எதுக்கு விழணும்?”

அழகி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, உண்ணாமலையின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“வெத போட்ட அன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாளு.”