மஞ்சளைத் தின்ற வெளிச்சம்

"மறுபடியும் குத்தணுமா? பிறந்து நாலு நாள்கூட ஆகாத பச்சைக் குழந்தைம்மா அது!"

பரிசோதனைக் கூடத்து ஜன்னலுக்குள் தலையை நுழைக்காத குறையாகக் குழந்தையின் அப்பாவான பஸ் டிரைவர் கத்தினார். வரிசையே திரும்பிப் பார்த்தது.

உள்ளே இருந்த லேப் அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரியில் சிடுமூஞ்சி என்று பேர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அளவு சரியா வரலை. வேற ரத்தம் வேணும்."

"அவ்வளவு நேரம் வெயில்ல நின்னு கொடுத்தேனே! கொட்டிட்டீங்களா, தொலைச்சிட்டீங்களா?"

பின்னாலேயே மாமியாரும் வந்து சேர்ந்தார். கேட்கவா வேண்டும்!

"சும்மா விடாதீங்க மாப்பிள்ளை! வாங்கற சம்பளத்துக்கு வேலை பார்க்க வேணாமா?"

சத்தம் கேட்டுக் குழந்தைகள் டாக்டர் வந்தார். "என்னம்மா ஆச்சு?"

லேப் அம்மா டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். "ரத்தக் குப்பி வெளிச்சத்துல இருந்துடுச்சு டாக்டர். என் கவனக்குறைவுதான்."

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"காமாலை ரத்தத்தைக் கருப்புத் தாள்ல சுத்தி எதுக்கு அனுப்புறோம்? வெளிச்சம் பட்டா அதுல இருக்கற மஞ்சள் அழிஞ்சுடும். மெஷின் பாவம், என்ன பண்ணும்? இந்தப் பக்கம் ஒளியை விட்டு, அதை மஞ்சள் எவ்வளவு குடிச்சதுன்னு அந்தப் பக்கம் அளக்கும். மஞ்சளே இல்லேன்னா, நோயே இல்லேன்னு சொல்லிடும். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தா, குழந்தையோட மூளையே பாதிச்சிருக்கும்!"

டிரைவர் ஜன்னலை விட்டு மெல்லப் பின்வாங்கினார். மாமியார்தான் லேப் அம்மாவின் தப்பைப் பிரசவ வார்டு முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

லேப் அம்மாவே வந்து ரத்தம் எடுத்துப் போனார். மஞ்சள் அளவு எக்கச்சக்கம். குழந்தையை உடனே கண்ணைக் கட்டி, நீல விளக்குக்கு அடியில் நர்ஸ் படுக்க வைத்தார்.

"மருந்து ஏதும் இல்லையா சிஸ்டர்?" என்றார் டிரைவர்.

"இந்த வெளிச்சம்தான் மருந்து. குப்பியில மஞ்சளை அழிச்சுதே, அதே வேலையை உடம்புலயும் செய்யும்."

அம்மாடி! மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வெறும் வெளிச்சம்! கண்ணைக் கூசுகிறது என்று தினமும் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டுவாரே, அந்த வெளிச்சமா மகளுக்கு வைத்தியம் பார்க்கிறது? மலைத்துப் போய்த் தொட்டில் பக்கத்திலேயே நின்றார். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் அடுத்த குப்பி. டிரைவர் அதைக் கருப்புத் தாளோடு கைக்குள் பொத்திக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இன்னிக்காவது ஒழுங்காப் பாரும்மா" என்று கூடவே வந்த மாமியார் நொடித்தார்.

"சரிங்கம்மா" என்று வாங்கிக்கொண்டு போன லேப் அம்மா, கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வந்தார். "பாதிக்குப் பாதி இறங்கிடுச்சு. இனி பயமில்லை."

மகளிடம் சொல்ல மாமியார் ஓட்டமாக ஓடினார். டிரைவர் நகரவில்லை.

"அம்மா... நேத்து அந்தக் குப்பியை..." என்று இழுத்தார்.

சிடுமூஞ்சி சிரித்தார்.

"தெரியும் தம்பி. தாளைப் பிரிச்சு வெயில்ல தூக்கிப் பிடிச்சு, 'என் மக ரத்தம்'னு பக்கத்துல நின்னவருக்கெல்லாம் காட்டிட்டு நின்னீங்களே! நான் எட்டிப் பார்க்கறதுக்குள்ள காரியம் கெட்டுப் போச்சு. முதல் குழந்தை, ஆசை இருக்காதா? அதைப் போய் உங்க மாமியார் முன்னாடி எப்படிச் சொல்றது?"