வால் யார் பெயருக்கு

மேடையில் கொலீன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஹாரியட் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொலீன் அவள் பெற்ற மகள். கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளை வெள்ளைக்காரர் வீட்டில் வளர்க்கக் கொண்டுபோன காலம்; இரண்டு வயதில் அவளையும் அரசாங்கக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வின்னிபெக் நகரத்தில் டோரீன் என்ற வெள்ளைக்காரி வளர்த்தாள். இப்போது தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, பெற்றவள் ஊரோடு வந்து தங்கி, தட்டுத்தடுமாறித் தன் குலத்து க்ரீ மொழி கற்றுக்கொண்டு, ஊர்க்கூடத்து விருந்தில் முதன்முதலாக வாயைத் திறக்கிறாள்.

சொல்லப்போவது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். போன கோடையில் ஏரிக்கரைப் படகுத்துறையில் அவளுடைய இரண்டு அம்மாக்களும் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொண்ட கதை.

அங்கேதான் வம்பு.

க்ரீ பேச்சில் ஒரு வாக்கியத்துக்குள் இப்படி இரண்டு பேர் வந்துவிட்டால் இருவரையும் சமமாக நிறுத்த முடியாது. ஒருத்தி கிட்டத்து ஆள், கதை அவளுடையது. மற்றவள் எட்டத்து ஆள். அவள் பெயருக்குப் பின்னால் 'அ' என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். பெயரை முன்னால் சொன்னாலும் பின்னால் சொன்னாலும் ஒன்றுதான். யார் எட்டம் என்பதை வால்தான் சொல்லும்.

டோரீன் பெயரில் ஒட்டட்டும் கடவுளே, என்று ஹாரியட் வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டாள். எத்தனை பிறந்தநாளுக்கு அந்தப் புண்ணியவதி கேக் வெட்டியிருப்பாள்! ஒரு வாலையாவது அவள் வைத்துக்கொள்ளட்டுமே.

கொலீன் கட்டிப்பிடித்த சேதியை முதலில் சொன்னாள். பிறகு பெயர் வந்தது.

"டோரீன்."

வெறும் டோரீன். வால் ஒட்டவில்லை.

"ஹாரியட்ட" என்று முடித்தாள் மகள்.

பக்கத்தில் இருந்த நாத்தனார் பிலோமின் அவள் தொடையைத் தட்டிக்கொடுத்தாள். "விடுங்க அண்ணி, புஸ்தகத்துல படிச்ச க்ரீ. வாலை மாத்தி ஒட்டிட்டா, பாவம்."

மாற்றி ஒட்டவில்லை. அன்றைக்குப் படகுத்துறையில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தவள் ஹாரியட்தான். எட்டத்து ஆள் கிட்டத்து ஆளைக் கட்டிப்பிடித்தாள் என்று சொல்ல வேண்டுமானால் வினைச்சொல்லையே திருப்பிப் போட வேண்டும். ஊர்ப்பிள்ளைகளே அதில் வழுக்கி விழுவார்கள். கொலீன் தெரிந்தே, சுத்தமாகத் திருப்பிப் போட்டிருந்தாள்.

காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், தலை பின்னிவிட்டவள், பள்ளிக்கூட வாசலில் காத்துக் கிடந்தவள் கிட்டத்தில் இருக்காமல் வேறு யார் இருப்பார்கள்? நியாயம்தான். அது நியாயமாக இருந்ததைத்தான் ஹாரியட்டால் தாங்க முடியவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். அப்புறம் குனிந்து கோட்டைத் தேடினாள். வீட்டுக்குப் போய்விட வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

நிமிர்ந்தபோது கொலீன் எதிரே நின்றாள். கையில் ஆவி பறக்கும் மூஸ் மான்கறி சூப். முகத்துக்கு நேரே குனிந்து க்ரீயில் ஏதோ கேட்டாள்.

கேள்வி 'கி' என்று தொடங்கியது. 'கி' என்றால் நீ. எதிரே இருப்பவளைப் பார்த்துப் பேசும்போது கிட்டமும் இல்லை, எட்டமும் இல்லை. 'நீ'க்கு வால் கிடையாது. அந்த மொழியில் 'நான்' என்பதுகூட அதற்குப் பின்னால்தான் நிற்கும்.

"உனக்குப் பசிக்குதா?"

ஹாரியட் அப்போதுதான் இரண்டு கிண்ணம் சூப்பும் மூன்று துண்டு ரொட்டியும் முடித்திருந்தாள். பிலோமின் அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஹாரியட் அவள் காலை நன்றாக மிதித்தாள்.

"ரொம்பப் பசிக்குது" என்றாள்.