லோரிச் சத்தம்

மேடையின் பக்கவாட்டுப் படியில் பொன்னாடையோடு ஏறி வந்தவளைப் பார்த்ததும் திரை ஓரம் நின்றிருந்த முகுந்தனின் கை சட்டைப் பைக்குப் போனது.

ஜெயராஜின் மனைவி.

அவளைக் கூப்பிடச் சொன்னதே இவர்தான். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் மனசை உருக்கும் சோல் இசையில் தமிழ் பாடி 'தமிழ் சோல் பாட்டின் மன்னர்' ஆன முகுந்தனுக்குப் பாராட்டு விழா. செத்துப்போன என் கூட்டாளியின் வீட்டுக்காரம்மா பொன்னாடை போர்த்தட்டும் என்றார். விழாக்காரர்கள் உருகிப்போனார்கள். எவ்வளவு பெரிய மனசு!

பெரிய மனசாம், மண்ணாங்கட்டி. அவரைத் தூக்கி நிறுத்திய பாட்டே அவருடையது இல்லை.

ஜெயராஜ் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டினான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் டெலிவரி சீட்டு ஒன்றை நீட்டினான். பின்பக்கத்தில் வரிகள் இருந்தன.

உன் லோரிச் சத்தம் கேட்காமல்
ஒரு வாய் சோறும் இறங்கலையே.

முகுந்தன் மெட்டுப் போட்டுப் பாடினார். கேசட் அட்டையில் 'எழுதிப் பாடியவர்: முகுந்தன்' என்று வந்தது. ஜெயராஜ் பார்த்தான், சிரித்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடிந்திருக்கும். கேட்காமலே போய்ச் சேர்ந்தான், பாவி.

இன்றைக்கு மைக்கில் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தார். அதற்கு முன் இவளிடம் சொல்ல வேண்டும். சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிரும்மா. இந்தப் பாட்டு ஜெயராஜ் எழுதினது."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்தாள். மடிப்பை விரலால் நீவிவிட்டாள்.

"அவருக்கு ஏதுண்ணே தமிழ் எழுத்து? மலாய் ஸ்கூல்ல படிச்சவருலா அவரு."

முகுந்தனுக்குக் காது மடல் சுட்டது.

தெரியும். நன்றாகத் தெரியும். சினிமா போஸ்டரைக்கூட ஜெயராஜுக்கு இவர்தான் வாசித்துச் சொல்லியிருக்கிறார். அதுவும் லோரி ஓட்டுகிறவன் எதற்கு லோரிச் சத்தத்துக்குக் காத்துக் கிடக்கப் போகிறான்? இத்தனை மேடையில் பாடியும் புத்திக்கு உறைக்கவில்லையே, சீ!

"பொன்னாடை போர்த்த, திருமதி ஜெயராஜ் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

அவளுக்கு முன்னால் முகுந்தன் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார்.

"'லோரிச் சத்தம்' பாட்டை எழுதினது நான் இல்ல. இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் எழுதினாங்க. இவங்க பேரு..."

நிறுத்தினார்.

முப்பது வருஷமாகத் தங்கச்சி, தங்கச்சி என்றே கூப்பிட்டிருக்கிறார். அவள் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறார். அழைப்பிதழிலும் திருமதி ஜெயராஜ் என்றுதான் போடச் சொன்னார்.

மண்டபமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கையில் பொன்னாடையோடு அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.