வெள்ளிக்கிழமைப் பனங்கற்கண்டு

நான் தின்னும் முறுக்கை நம்பி நாலு ஆலை ஓடுகிறது. சூப்பர்மார்க்கெட் பில்களை வைத்து ஊரின் ஆரோக்கியத்தை அளக்க வந்த பெண், என் பட்டியலைப் பார்த்து மயங்கி விழுவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

"முறுக்கை விடுங்க சார். வெள்ளிக்கிழமையானா நூறு கிராம் பனங்கற்கண்டு, அது யாருக்கு?"

நான் அதை வாங்கியதே இல்லை. இருமலுக்கு அதை வாயில் அடக்கிக்கொள்பவள் என் மனைவி செண்பகவல்லி. அவள் இறந்து மூன்று வருஷம். கடையில் பில் போட நான் இன்னும் அவள் போன் நம்பரைத்தான் சொல்கிறேன்.

"இருமல் குறைஞ்சிருக்கான்னு உங்க கணக்குல தெரியுமாம்மா?"

வந்த பெண் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "போன மாசத்திலேர்ந்து அம்பது கிராம்தான் சார்."

அப்பாடா என்றேன். அந்தப் பெண் படியிறங்கிய பிறகுதான் பயம் வந்தது. இருமல் முழுசாக நின்றுவிட்டால், அடுத்த மாசம் எவ்வளவு?